புல்தரை வந்தது... தங்கமும் வந்தது! ராஞ்சியின் லான் பவுல்ஸ் கதை

தில்லை நகரில் 33 சென்ட் காலி மனை கிடைத்தால் என்ன கட்டுவார்கள்? மருத்துவமனை, கோச்சிங் சென்டர், அபார்ட்மென்ட்... பட்டியல் நீளும். 'புல் வளர்த்து, அதில் பந்து உருட்டலாம்' என்று ஒருவர் சொன்னால் சிரிப்பார்கள். லான் பவுல்ஸ் விளையாட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவு இடம் போதும். பக்கத்துக்குச் சுமார் 120 அடியில், மேடு பள்ளமில்லாத ஒரு சதுரப் புல்தரை.

விளையாட்டு என்னவோ நம் கோலிக்குண்டின் பெரியப்பா மாதிரிதான். முதலில் 'ஜாக்' என்ற சின்னப் பந்தை உருட்டி விடுவார்கள். பிறகு, ஒன்றரை கிலோ அளவுக்கு எடையுள்ள பெரிய பந்துகளை அதன் அருகில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். யார் பந்து நெருக்கமோ அவருக்கே புள்ளி. சுலபம் என்று தோன்றுகிறதா? அந்தப் பெரிய பந்து முழு உருண்டை கிடையாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து ஓடும். நேராகக் குறி வைத்தால் கோட்டை விடுவீர்கள்!

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உள்ள புல்தரை 1299-ம் ஆண்டிலிருந்தே இருப்பதாகச் சொல்கிறார்கள். கிரிக்கெட் ஜாம்பவான் டபிள்யூ.ஜி.கிரேஸ்தான் 1903-ல் தொடங்கிய இங்கிலீஷ் பவுலிங் அசோசியேஷனின் முதல் தலைவர். வெள்ளைக்காரர்களோடு நம் நாட்டுக்கு வந்த இந்த விளையாட்டு, கொல்கத்தா கிளப்களின் காம்பவுண்டுக்குள்ளேயே வெகுகாலம் இருந்தது. ஓய்வுபெற்ற பெரியவர்களின் பொழுதுபோக்கு என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

காம்பவுண்டைத் தாண்ட வைத்தவை தேசிய விளையாட்டுப் போட்டிகள். 2007-ல் குவாஹாட்டி, 2011-ல் ஜார்க்கண்ட். ராஞ்சியை ஒட்டியுள்ள நாம்குமில் லான் பவுல்ஸுக்கென்றே ஒரு ஸ்டேடியம் அமைந்தது. போட்டி முடிந்ததும் பூட்டுப் போடப்படும் ஸ்டேடியங்கள் நம் நாட்டில் ஏராளம். நாம்குமில் அப்படி ஆகவில்லை. உள்ளூர்க்காரர்கள் தொடர்ந்து ஆடினார்கள்.

பலன், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தெரிந்தது. பெண்கள் நால்வர் அணியில் இருவர் ஜார்க்கண்ட்காரர்கள். லவ்லி சௌபே, போலீஸ் கான்ஸ்டபிள். கேப்டன் பொறுப்பிலிருந்த ரூபா ராணி திர்க்கி, முன்னாள் கபடி வீராங்கனை. மற்ற இருவரில், அஸ்ஸாமின் நயன்மோனி சைகியா காயத்தால் பளுதூக்குதலை விட்டு இங்கே வந்தவர். டெல்லியின் பிங்கி, பள்ளி விளையாட்டு ஆசிரியை. 2010 டெல்லி காமன்வெல்த்தின்போது அவருடைய பள்ளியில் லான் பவுல்ஸ் பயிற்சிக்கு இடம் ஒதுக்கினார்கள். அங்கேதான் அவருக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது. நால்வரும் முப்பதைத் தாண்டியவர்கள், இருவர் நாற்பதையும்!

அரையிறுதியில் நியூசிலாந்தை 16-13 என வீழ்த்தினார்கள். ஆகஸ்ட் 2-ல் இறுதிப்போட்டி, எதிரில் தென்னாப்பிரிக்கா. 8-2 என்று முன்னிலையில் இருந்த இந்தியா திடீரெனத் தடுமாற, ஸ்கோர் 8-10 ஆனது. அங்கிருந்து எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 17-10 என்று முடித்தார்கள். காமன்வெல்த் லான் பவுல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கமே தங்கம். அதே போட்டியில் ஆண்கள் நால்வர் அணிக்கு வெள்ளி.

'தல' ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. ராஞ்சிக்காரரான தோனி, தியோரி அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் இந்த மைதானத்துக்கு வந்து தங்களிடம் பேசியிருக்கிறார் என்று லவ்லி பேட்டியில் சொன்னார். ஆஸ்திரேலியா போனால் தானும் லான் பவுல்ஸ் ஆடுவதாகத் தோனி சொன்னாராம்.

தமிழ்நாட்டிலிருந்து ராஞ்சி போக ரயில் உண்டு. ஆலப்புழா - தன்பாத் எக்ஸ்பிரஸ் ஈரோடு, சேலம் வழியாகச் சென்று ராஞ்சியைத் தொடுகிறது. திருச்சிக்காரர்கள் ஈரோட்டில் ஏறிக்கொள்ளலாம். ஜங்ஷனிலிருந்து நாம்கும் பக்கம்தான். உள்ளே பயிற்சி நடந்தால், புல்தரையில் செருப்போடு கால் வைத்துவிடாதீர்கள். மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிப் பராமரிக்கும் புல் அது!