10-ஆம் நம்பர் ஸ்பேனரும் ஓம் விதியும்

நம்ம ஊர்ல கார் சாவியைத் திருப்பி ‘டிக்’னு மட்டும் சத்தம் வந்தா, பக்கத்து வீட்டுக்காரர்ல இருந்து பால்காரர் வரைக்கும் எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை: “பேட்டரி காலி!” எங்க வீட்டு 12 வயசு கார்லயும் போன மாசம் அதே டிக். ஆனா ஹெட்லைட் பளிச்னு எரியுது, ஹாரனும் ஊரை எழுப்புது.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துட்டு, “ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு தம்பி. 6,500 ஆகும், வண்டி 2 நாள் ஷெட்ல நிக்கணும்”னார். பணம்கூட அப்புறம். மறுநாள் காலையில 6 மணிக்கு அம்மாச்சிக்கு டயாலிசிஸ். அந்த நேரத்துல ஆட்டோல குலுக்கிட்டுப் போனா அவங்களுக்குத் தாங்காது.

ராத்திரி நெட்ல உட்கார்ந்தேன். ஒருத்தர் பேட்டரிய மாத்துங்கறார், ஒருத்தர் ஸ்டார்ட்டரை சுத்தியலால தட்டுங்கறார். மூணாவதா ஒரு புண்ணியவான் மட்டும், “முதல்ல அளந்து பாருப்பா”னு எழுதியிருந்தார். லேப்புக்கு வாங்கின மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில 12.5 வோல்ட். சும்மா இருக்கற பேட்டரிக்கு இது நல்ல மார்க்குதான். அடுத்து ஒரு முனையை பேட்டரியோட பிளஸ் குமிழ்லயும், இன்னொண்ணை அதைக் கவ்வற கிளாம்ப்லயும் வெச்சுட்டு அப்பாவை சாவி திருப்பச் சொன்னேன். கிட்டத்தட்ட 0 காட்டணும். காட்டினது 4 வோல்ட்!

கிளாம்ப்பைக் கழட்டினா உள்ள வெள்ளையும் நீலப்பச்சையுமா பூத்துப் போயிருக்கு. இங்கதான் நாம பரீட்சைக்கு மட்டும் படிச்ச V = IR வருது. அந்தப் பூப்புக்கு 0.05 ஓம் தடைனு வெச்சுக்குங்க. ஹெட்லைட் இழுக்கறது சுமார் 10 ஆம்பியர், அரை வோல்ட்தான் நஷ்டம், லைட் எரியும். ஸ்டார்ட்டர் கேக்கறது 100 ஆம்பியருக்கு மேல. 5 வோல்ட் வழியிலேயே காலி. மோட்டார் பாவம், என்ன பண்ணும்?

வைத்தியம் ரொம்ப சிம்பிள். மோதிரம், வாட்ச் கழட்டிடணும். 10-ஆம் நம்பர் ஸ்பேனரால முதல்ல மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. ஏன்னா மைனஸ் இணைஞ்சிருக்கும்போது பிளஸ்ல இருக்கற ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட் ஆகி நெருப்பு பறக்கும். சமையல் சோடாவை வெந்நீர்ல கரைச்சு, பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சா நுரைச்சுக்கிட்டு அமிலம் அடங்கும். பேட்டரி மூடிக்குள்ள மட்டும் தண்ணி போகக் கூடாது. துடைச்சு, காயவெச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. மொத்தச் செலவு 20 ரூபாய்கூட இல்ல.

மறுபடி அளந்தேன்: 0.1 வோல்ட். ஒரே திருப்புல இன்ஜின் உறுமிச்சு. அம்மாச்சி 6 மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்தாங்க.

இதுக்காக பிரேக், ஏர்பேக்கெல்லாம் வீடியோ பார்த்துப் பிரிச்சிடாதீங்க மக்களே. அது அனுபவசாலி கைக்குத்தான். ஆனா எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாருங்க. மெக்கானிக் சொன்னாலும் சரி, நெட் சொன்னாலும் சரி. மீட்டருக்கு யார் கிட்டயும் கமிஷன் கிடையாது :-)