தேக்காவிலிருந்து ஒன்பதாம் பிளாக் வரை

"ரத்தம் எடுத்துப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிரும்ணே" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த தஞ்சாவூர்க்காரர். சிங்கப்பூர் தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பகுதி, ஞாயிறு மாலை. பேச்சு, லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்ட 2013 டிசம்பர் 8 இரவைப் பற்றியது. ஒரு வெள்ளி நாற்பது காசுக்கு வாங்கிய தேநீரைக் குடித்துவிட்டு, அந்த இடத்தையே பார்க்கக் கிளம்பினேன்.

ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் முனைக்கு ஐந்து நிமிட நடை. பக்கத்தில் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக் கட்டடம். இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் அதில் இருக்கிறது. புல்தரையில் ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். 2015 சட்டப்படி, சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை இங்கே வெளியிடத்தில் மது அருந்தக் கூடாது.

ஒரு பேருந்து திரும்புவதை நின்று கவனித்தேன். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகவில்லை. ஓரக்கல்லை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வந்தது. அன்றிரவு அப்படியொரு பேருந்தின் சக்கரத்தில்தான் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் சிக்கி இறந்தார். "தள்ளிவிட்டாங்க" என்று வதந்தி பரவியது, கலவரம் மூண்டது. அவர் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 217 மில்லிகிராம் மது இருந்தது. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் விட்டிருக்கும் அளவு 80. ஆனால் அந்த எண், அவர் குடித்திருந்தார் என்று மட்டுமே சொல்லும். தானாக விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்பதற்குப் பேருந்துக் கேமராவும் உடற்காயங்களும் வேண்டியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் 2014 பிப்ரவரியில் விபத்து என்ற முடிவு வந்தது.

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். கட்டணம் ஒன்றரை வெள்ளிகூட ஆகவில்லை. வழியில் வரும் சைனாடவுனில் இறங்கினால் அரசு நீதிமன்றங்கள். மரண விசாரணை நடப்பது அங்கேதான். ஊட்ரமில் இறங்கி, சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்துக்குள் ஒன்பதாம் பிளாக்கைத் தேடி நடந்தேன். சுகாதார அறிவியல் ஆணையத்தின் சவக்கிடங்கு அது. வாசலில் ஓர் அமரர் ஊர்தி. பிளாஸ்டிக் உறையில் கடப்பிதழ் நகலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள், இருவரும் பேசவில்லை. பிரேதப் பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் பொதுமக்கள் போக முடியாது.

உள்ளே எடுக்கும் ரத்தம் எந்த இடத்து ரத்தம் என்பதுதான் முதல் கேள்வி. வயிற்றில் மிஞ்சிய மது இதய ரத்தத்தில் கசிந்து அளவைக் கூட்டிவிடும். அதனால் தொடைச் சிரையில் எடுப்பார்கள். உயிர் போன பிறகும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே சவத்தின் ரத்தத்தில் சர்க்கரை குறைவு என்றால் அதற்குப் பொருளில்லை. சர்க்கரை மிகுந்திருந்ததா என்பதை மட்டும் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் பார்க்கலாம். மாரடைப்புக்கு உயிரோடிருப்பவரிடம் பார்க்கும் ட்ரோபோனின், சாவுக்குப் பின் இதயத் தசையிலிருந்து தானாகவே கசியும். மாறாக, நீரிழிவு முற்றிய சாவைக் காட்டும் கீட்டோன் ஓரளவு நிலைத்து நிற்கும். ஒவ்வாமை அதிர்ச்சியைக் காட்டும் ட்ரிப்டேஸும் அப்படித்தான். ஆனாலும் உடம்பையும் இறந்த சூழலையும் சேர்த்துப் பார்க்காமல் இவற்றை நம்பக் கூடாது.

எதுவுமே அகப்படாத சாவுகளும் உண்டு. 1980களில் சிங்கப்பூரில் இருநூறுக்கும் மேற்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே இறந்தார்கள். வாட்டசாட்டமான இளைஞர்கள். இங்கே தடயவியலில் பேர்பெற்ற சாவ் சீ செங் உள்ளிட்டோர் ஆராய்ந்தும் உடலில் காரணம் சிக்கவில்லை. 1992இல் விவரிக்கப்பட்ட புருகாடா என்ற இதய மின்கோளாறுடன் இத்தகைய சாவுகளைப் பின்னர் இணைத்தார்கள். அதற்கு ரத்தத்தில் வேதி அடையாளம் கிடையாது. மரபணுவில் சில சமயம் தடயம் கிடைக்கும்.

தஞ்சாவூர்க்காரர் சொன்னது ஊரில் பலரும் நம்புவதுதான். ஆனால் ரத்தம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நம் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் திடீரென இறந்தால், அறிக்கை வரட்டும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவர் சாப்பிட்ட மாத்திரைகள், ஒவ்வாமை, குடும்பத்தில் இளவயதில் இறந்தவர்கள் விவரம் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். எந்தெந்த மாதிரிகளை எடுத்தார்கள், எதைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் மரண விசாரணை நடந்தால் சாட்சிகளைக் கேள்வி கேட்கக் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு. காரணம் தெரியாத தூக்கச் சாவு என்றால், உடன்பிறந்தவர்களுக்குத் தாமதிக்காமல் ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.