பழைய பெட்டிக்குப் புது உசுரு

எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் 2011-ல வாங்கினது. பட்டனை அமுக்கிட்டுப் போய் எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும் விண்டோஸ் சுத்திக்கிட்டே இருக்கும். அதைப் பொறுத்துக்கிட்டேன். போன மாசம் உள்ளேயிருந்து 'டிக்... டிக்...'னு ஒரு சத்தம். அதுதான் பயமுறுத்திடுச்சு.

அந்த ஹார்டு டிஸ்க்லதான் பதினாலு வருஷ வெள்ளாமைக் கணக்கு இருக்கு. அப்பா மஞ்சக்காட்டுல நின்னு, எந்தப் பாத்தியில எது நட்டோம்னு சொல்ற வீடியோவும் இருக்கு. அவர் குரல்னு எங்ககிட்ட மிச்சம் அது ஒண்ணுதான். நகல் எடுத்து வைக்கலை. சோம்பேறித்தனம், வேறென்ன.

டவுன் கடைக்காரர் பார்த்ததுமே, "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்குங்கண்ணா"ன்னார். அங்க வேலை பார்க்கற தம்பிதான், "எஸ்எஸ்டி மாட்டினா இன்னும் நாலு வருஷம் ஓடும்ணா. ஆனா முதல்ல உள்ள இருக்கறதை எடுத்துருவோம். இந்த டிஸ்க்ல இனி விண்டோஸை ஓட்டாதீங்க"ன்னான்.

டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினான். முழுசா குளோன் பண்ணாம, முக்கியமானதை மட்டும் முதல்ல எடுத்தான். வீடியோ பாதியில அப்படியே நின்னுபோச்சு. எனக்கு வாயில எச்சில் வத்திருச்சு. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி நகர்ந்தது. வந்துருச்சு! 2016 கணக்கு மட்டும் வரவே இல்லை. போகட்டும், அது மழை பொய்ச்ச வருஷம்.

எஸ்எஸ்டி உள்ளங்கை அகலம்தான். பழைய டிஸ்க்குக்குப் போன அதே சாட்டா கேபிள், அதே பவர் வயர். ஹார்டு டிஸ்க்ல தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்தும். ஒவ்வொரு துண்டு ஃபைலுக்கும் ஊசி ஓடிப்போய்த் தேடணும். ஒத்தை ஆள் ஊர் பூரா சிதறிக் கிடக்கற தோப்புல தேங்காய் பொறுக்கற மாதிரி. எஸ்எஸ்டியில சுத்தறதே எதுவும் இல்லை. என் பழைய மதர்போர்டு சாட்டா 2. எஸ்எஸ்டியோட முழு வேகத்துல பாதிதான் கொடுக்குமாம். இருந்தும் இருபது செகண்டுல திறக்குது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபரோட நின்னதால, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான்.

கிளம்பும்போது, "இது கெட்டா டிக் டிக்னுகூடச் சொல்லாதுண்ணா"ன்னான். அங்கேயே ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கிட்டேன்.

ராத்திரி அம்மா அந்த வீடியோவை மூணு தடவை பார்த்தாங்க. "எம்போன்லயும் போட்டுக் குடு சாமி"ன்னாங்க.