உறையூர்க் கோட்டையும் நம் வகுப்பறையும்

மனிதர்க்குள் மூளும் பிணக்குகள் பலவகைப்படும். வள்ளுவப் பெருந்தகை அவற்றை ஒன்றெனக் கொள்ளவில்லை. மன மாறுபாட்டை ‘இகல்’ என்று 86ஆம் அதிகாரத்திலும், உற்றாரிடையே மறைந்திருந்து அரிக்கும் பகையை ‘உட்பகை’ என்று 89ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே ஆராய்ந்தார்.

பள்ளியில் நான் மிகுதியும் காண்பது நெருங்கியோரின் சண்டையையே. ஒரே மேசையில் அமர்வோர், ஒரே வேனில் வருவோர், உடன்பிறந்தோர் ஆகியோரே கடுமையாக மோதுகின்றனர். அயலாரிடம் நமக்கு எதிர்பார்ப்பில்லை, நெருங்கியோரிடம் உண்டு. அது பொய்க்கும்போதே சினம் பெருகுகிறது.

நெடுங்கிள்ளி இருந்த உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது, கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாடல். இருவரும் சோழரே. நியாயம் எவர் பக்கம் என்று புலவர் தீர்ப்புரைக்கவில்லை. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடும் சேரனோ, வேப்பம்பூச் சூடும் பாண்டியனோ அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே என்று சுட்டினார். எவர் தோற்பினும் தோற்பது அவர்கள் குடியே என்று உணர்த்தினார்.

நாமோ, “யார் முதலில் அடித்தது?” என்றே விசாரணையைத் தொடங்குகிறோம். அக்கேள்வி ஒருவனை வென்றவனாகவும் மற்றவனைத் தோற்றவனாகவும் ஆக்கிவிடுகிறது. மறுநாளும் அவ்விருவரும் அதே மேசையில்தானே அமர வேண்டும்?

தவற்றைக் கண்டிக்க வேண்டாம் என்பதன்று என் கருத்து. கட்டொழுங்கு வேண்டும், அடித்தவன் பொறுப்பேற்கவும் வேண்டும். அதற்கு முன், “இந்த நட்பு முறிந்தால் நீங்கள் இருவரும் எதை இழப்பீர்கள்?” என்று கேட்டுப் பார்ப்போம்.

பெற்றோர்களே, சொத்துக்காகப் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பியரைப் பிள்ளைகள் வீட்டிலேயே காண்கின்றனர். அவர்களிடமும் இக்கேள்வியை யாரேனும் கேட்டாக வேண்டும். சிந்திப்போம்.