பூண்டு காதுக்கு வந்த வழி

சிங்கப்பூர் தேக்காவில் காதுவலிக்கு மருந்து கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பஃபலோ ரோட்டு மளிகைக்கடையில் முதலில் சுக்குத் தைலத்தைக் காட்டினார்கள். அது தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கு. பக்கத்தில் கீரை பார்த்துக்கொண்டிருந்த பாட்டி துளசிச்சாறு என்றார். கடைக்காரர்தான் முடித்துவைத்தார்: "நல்லெண்ணெயில ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சுங்கக்கா. சூடு தணிஞ்சதும் ரெண்டு சொட்டு."

என் அம்மாவின் வைத்தியமும் இதுதான். பூண்டை முதலில் காதுக்குக் கொண்டுவந்தது யார் என்று தேடிக்கொண்டு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம் வரை போனேன்.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் தடம் கிடைத்தது. அதன் உத்தரதந்திரப் பகுதி, காதுவலிக்குப் பூண்டு, இஞ்சி, முருங்கை, முள்ளங்கி, வாழை ஆகியவற்றின் சாற்றை இளஞ்சூடாகக் காதில் நிரப்பச் சொல்கிறது. கவனியுங்கள், சாறு. எண்ணெயில் பொரிந்த பூண்டு அந்த இடத்தில் இல்லை.

பச்சைப் பூண்டை நசுக்கும்போது ஒரு நொதி வேலைசெய்து அல்லிசின் உண்டாகிறது. கிருமிகளைக் கொல்லும் இந்தப் பொருளை 1944இல் அமெரிக்காவில் கவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். சூடு பட்டால் அந்த நொதி செயலிழக்கும். உண்டான அல்லிசினும் பெருமளவு சிதையும். ஆக, காய்ச்சிய எண்ணெயில் தங்குவது பெரும்பாலும் வாசனைதான் என்பது என் சந்தேகம். ஆனால் பச்சைச்சாறு தோலைப் புண்ணாக்கும். காய்ச்சத் தொடங்கியவர்கள் காரத்துக்குப் பயந்திருக்கலாம்.

இளஞ்சூடு மட்டும் மாறாமல் வந்திருக்கிறது. காதில் விடுவது உடற்சூட்டைவிடக் குளிர்ந்திருந்தாலும் சுட்டாலும் உட்காது கலங்கித் தலைசுற்றும். இதை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். நம் பாட்டிமார் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பூண்டுக்குச் சோதனைச் சான்றே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2001இல் இஸ்ரேலில், காதுவலியுள்ள 103 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பூண்டும் வேறு மூலிகைகளும் ஊறிய ஆலிவ் எண்ணெய்ச் சொட்டும், மற்றவர்களுக்கு மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தும் விட்டார்கள். இரண்டிலும் வலி ஏறக்குறைய ஒரேபோலக் குறைந்தது. மூலிகைக்காரர்கள் இதை வெற்றியாகக் காட்டுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு: வெறும் எண்ணெய் மட்டும் விட்ட குழு அதில் இல்லை. நடுக்காது வலியில், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தின்றாலும் தின்னாவிட்டாலும், பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்குள் வலி தணிந்துவிடுகிறது. பிறகு பெயர் யாருக்கு, பூண்டுக்கா, வெதுவெதுப்புக்கா, விடிந்துபோன இரவுக்கா? இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வும் சான்று போதாது என்றே முடித்தது.

நடுக்காது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. பறை முழுசாக இருந்தால் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. பறை கிழிந்திருந்தால் போய்ச் சேரும், அதுதான் ஆபத்து. சீழ் வடிகிற காதுக்கும், காய்ச்சலோடு துடிக்கிற பிள்ளைக்கும் எண்ணெய்க் கரண்டியை எடுக்காமல் பாலிகிளினிக்குக்குப் போவதே சரி.