பிள்ளை பிறந்த வீட்டில் என்ன பாட்டு போடலாம்?

 

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானம் பரிமாறும்போது, புதுசாப் பிள்ளை பெற்ற தம்பிமாரும் தங்கச்சிமாரும் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்கிள், ஆன்ட்டி, வீட்டுல குட்டிப் பாப்பா இருக்கு. சினிமா பாட்டு போடலாமா, சாமி பாட்டு மட்டும்தான் போடணுமா?" சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முருகன் அருளால் எங்கள் வீட்டில் பேத்தி பிறந்து ஏழு மாதம் ஆகிறது. மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மருமகளுக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவமும் பத்தியமும் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் பிரசவ லீவு 98 நாள். அதற்கு முன்பு 60 நாள்தான். தகப்பனுக்கு 7 நாள். ஃபேக்டரியில் லீவு ஃபாரங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை என்பதால் இந்தக் கணக்கு எங்களுக்கு மனப்பாடம். ஆனால் 7 நாள் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பது வீட்டில் பிள்ளை பிறந்தால்தான் தெரிகிறது. எட்டாம் நாள் காலையில் மகன் வேலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு நாள் பூராவும் பாலும் துணியும் தொட்டிலும்தான். பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழும். மருமகள் குளிக்கவே எங்களில் யாராவது பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு வந்தால், குளித்துவிட்டுச் செய்கிற முதல் வேலை அதுதான்.

இதற்கு நடுவில் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒரு பெரியம்மா, "சஷ்டி கவசத்தைத் தவிர வேற எதுவும் பிள்ளை காதுல விழக்கூடாது" என்றார். இன்னொருத்தர், "மொசார்ட் போடுங்க, மூளை வளரும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஃபோனில் கார்ட்டூன் பாட்டைப் போட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மருமகள் கர்ப்பமாக இருந்தபோது பொன்னியின் செல்வன் படிக்க ஆரம்பித்து, மூன்றாம் பாகத்துக்கு வந்திருந்தாள். அது கட்டில் பக்கத்தில் இருந்தது. அந்தப் பாகத்துக்குப் பெயர் 'கொலைவாள்'. அட்டையைப் பார்த்த ஒருவர், "இந்தப் பேர் போட்ட புத்தகத்தைப் பச்சப்புள்ள பக்கத்துல வைக்கலாமா?" என்று எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரும் பாசத்தில் சொன்னதுதான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் மருமகள் பேசுவது குறைந்துவிட்டது. சமையல் செய்யும்போது ரஹ்மான் பாட்டைக் கூடவே பாடுகிற பிள்ளை அவள். இப்போது ரேடியோவைத் தொடுவதில்லை, புத்தகத்தைக் கேட்பதில்லை. பிள்ளை தூங்கினால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நேரம் காரணம் இல்லாமல் அழுவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை, தூக்கம் பத்தல" என்பாள்.

அரசாங்க கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பது உங்களுக்குத் தெரியும். மலாய்க்காரப் பெண், சின்ன வயசுதான். பிள்ளையைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். அப்புறம் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருமகளோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார். போகும்போது எங்களிடம் சொன்னது ஒரே வாசகம்: "இபு புன் பெர்லு ரேஹாட்." அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும் என்று அர்த்தம். பிறகு விளக்கமாகவும் சொன்னார். பிரசவம் ஆனவர்களுக்கு முதல் சில நாள் மனசு கலங்குவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும், அதற்கு மேலும் நீடித்தால் கிளினிக்குக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். மகன் மறுநாளே லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் சொன்னபடி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், திருஷ்டி கழிப்பதைக் கழியுங்கள், ஆனால் கிளினிக்குக்குக் கட்டாயம் போங்கள்.

வீட்டில் நாங்கள் செய்தது இரண்டு காரியம். ராத்திரி ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்துவிட்டால், அதை மகனே கொடுத்துவிடுவான், அவள் நாலைந்து மணி நேரம் விடாமல் தூங்கலாம். இரண்டாவது, அலமாரி மேலே போன புத்தகம் திரும்பக் கட்டிலுக்கு வந்தது, அடுப்படி ரேடியோவும் பாட ஆரம்பித்தது. காலையில் விளக்கு ஏற்றும்போது சூலமங்கலம் சகோதரிகள் பாடிய சஷ்டி கவசம். அது எங்கள் வீட்டில் என்றைக்கும் நின்றதில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிடித்த பாட்டு எதுவோ அது.

ஒருநாள் விடியக்காலை மூன்று மணி இருக்கும். அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் பொன்னியின் செல்வனைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வந்தியத்தேவன் யார், பழுவேட்டரையர் யார் என்று ஒரு மாதக் குழந்தைக்கு என்ன தெரியும்? ஆனால் அது பால் குடிப்பதை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெரியுமாம். மடியில் படுத்தால் அம்மாவின் முகம் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் குரலையோ அது வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிவிடுகிறது. கொலைவாளோ தேவாரமோ, பிள்ளைக்குக் கேட்டது அம்மா குரல்தான்.

மொசார்ட் விஷயத்தை மகன் தேடிப் படித்துச் சொன்னான். 1993இல் அமெரிக்காவில் நடந்த அந்த ஆராய்ச்சியில் உட்கார்ந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகளே இல்லை. பலன் இருந்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம்தானாம். ஃபோனைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இன்னும் தெளிவு: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். அதனால் எங்கள் வீட்டில் பாட்டு உண்டு, படம் காட்டுவது இல்லை. படம் பெரியவர்களுக்கு, அதுவும் பிள்ளை தூங்கின பிறகு.

படம் என்றால் எங்களுக்கு ஏ.பி. நாகராஜன் எடுத்த திருவிளையாடல்தான். 1965இல் வந்தது. எத்தனையோ தடவை பார்த்தாச்சு, தருமியாக வரும் நாகேஷைப் பார்த்து இன்னமும் சிரிக்கிறோம். ஆனால் பேத்தி வந்த பிறகு பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் படத்தின் தொடக்கமே ஒரு குடும்பச் சண்டை. ஒரு மாம்பழம், இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய்விடுகிறது. ஔவையாராக கே.பி. சுந்தராம்பாள் வந்து பாடிப் பார்க்கிறார். கடைசியில் அம்மா பார்வதியே வந்து, பிள்ளையின் கோபம் தணிய அப்பாவின் திருவிளையாடல்களைக் கதை கதையாகச் சொல்கிறார். படம் முழுக்க நாம் பார்ப்பது ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொன்ன கதை! உலகத்துக்கே தாய் என்று கும்பிடுகிறோம், அவருக்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்த உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

மருமகளுக்குப் பிடித்தது 2002இல் மணிரத்னம் எடுத்த கன்னத்தில் முத்தமிட்டால். தத்தெடுத்து வளர்த்த பெண் பிள்ளை, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குப் போகிற கதை. மகனுக்குப் பிடித்தது நம்ம நாட்டுப் படம், 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கியது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பம், கெட்டிக்காரப் பையன், படி படி என்று அடிக்கிற அப்பா. அந்தப் பையன் எங்கே போய்ச் சேர்கிறான் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை மகன் முன்பே பார்த்திருக்கிறான். பிள்ளை பிறந்த பிறகு திரும்பப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "இந்த வீட்டுல பிள்ளைய அடிக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னான். புதுசாத் தகப்பன் ஆன தம்பிமார் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறோம். சாமி பாட்டா, சினிமா பாட்டா?

நம்ம பெரியவர்கள் சாமியையே குழந்தையாக்கித் தாலாட்டியவர்கள். பெரியாழ்வார் தன்னை யசோதையாக நினைத்துக்கொண்டு கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார். ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் சன்னிதியில் வாய் திறந்தவர் அவர் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. பேச்சு வராத பிள்ளையாக இருந்தவர் பெரியவராகிப் பிள்ளைகளுக்கான பாட்டு எழுதினார் என்றால், அந்தத் தாய் எத்தனை நாள் பதில் வராமலே அவரோடு பேசியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். மூன்றாம் மாதம் காப்பு. ஐந்தாம் மாதம் செங்கீரை, குழந்தை கையை ஊன்றி முகத்தைத் தூக்கி ஆடுவது. ஏழாம் மாதம் தால், அதாவது நாக்கை அசைப்பது, தாலாட்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. பதினோராம் மாதம் முத்தம். ஒரு வயதை ஒட்டி வருகை, நடந்து வா என்று கூப்பிடுவது. அப்புறம் நிலாவை விளையாடக் கூப்பிடுகிற அம்புலி. கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். தலை நிற்கிறதா, சத்தம் எழுப்புகிறதா, உட்காருகிறதா, கை தட்டுகிறதா, நடக்கிறதா என்று மாதவாரியாக அதிலும் போட்டிருக்கிறது. மிஸ்ஸி பேனாவால் குறிக்கிறதை நம்ம புலவர்கள் பாட்டில் குறித்து வைத்தார்கள். எங்கள் பேத்தி இப்போது தால் பருவத்தில் இருக்கிறாள். நாக்கைச் சுழற்றிக்கொண்டு ஏதோ பேசுகிறாள், நாங்களும் திரும்பப் பேசுகிறோம்.

அதனால் எங்கள் பதில் இதுதான். சாமி பாட்டுப் போடுங்கள். அம்மாவுக்குப் பிடித்த சினிமா பாட்டும் போடுங்கள். எதைப் போட்டாலும் நீங்களும் கூடப் பாடுங்கள். மகனுக்குச் சுதி சுத்தமாக வராது. ஆனால் பேத்தி அவன் பாடினால்தான் சீக்கிரம் தூங்குகிறாள். ஏணைக்கு மோட்டார் வைத்து ஆட்டுகிற சாமான் இப்போது கடையில் கிடைக்கிறது. ஆட்டுவதற்கு அது உதவும், ஆனால் பாடுவதற்கு ஆள்தான் வேண்டும்.

கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் மூன்று விஷயம்.

ஒன்று, சத்தம். ஃபேக்டரியில் ஒரு நாள் வேலைக்கு 85 டெசிபல்தான் சட்டப்படி எல்லை, அதற்கு மேல் போனால் காதுக்குக் கவசம் வேண்டும். உறுமி மேளமும் ஸ்பீக்கரும் பக்கத்தில் நின்றால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் மேளத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். சொல்லுங்கள், நாங்கள் தள்ளி இடம் பார்த்துத் தருகிறோம்.

இரண்டு, பூசை நேரத்தில் குழந்தை அழுதால் யாரும் திரும்பி முறைக்காதீர்கள். பிள்ளை அழும் என்பதற்காகவே மாதக்கணக்கில் கோயிலுக்கு வராமல் இருக்கிற இளம் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். வந்து நிற்பது முருகன் சன்னிதி. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளைதான் உள்ளே இருக்கிறது, அழுகை அதற்குப் புதுசு இல்லை.

மூன்று, தோட்டத்து லயத்தில் பாடிய தாலாட்டு தெரிந்த பாட்டிமார் நம்ம கோயிலில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தாய்மாமன் பேரையெல்லாம் வரிசையாகச் சேர்த்து, யார் அடித்து நீ அழுகிறாய் என்று கேட்கிற பாட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் பேர் மாறும். அதனால் எந்தப் புத்தகத்திலும் உங்கள் வீட்டுப் பாட்டு கிடைக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லி, ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். மருமகள் தன் அம்மா பாடியதை நினைவுபடுத்தப் பார்த்தாள், இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அந்த இரண்டு வரியோடு மீதியைத் தானே கட்டி, எங்கள் பேரையும் சேர்த்துப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளை பெற்றவர்கள் வெள்ளிக்கிழமை வாருங்கள். நீங்கள் சாப்பிடும் வரைக்கும் குழந்தையை வைத்திருக்க இங்கே கை நிறைய இருக்கிறது.

முருகா சரணம்.