புதைத்த பானையும் நீலச் சுடரும்: நெல்லைச் சீமைச் சாராயக் கதைகளின் வேர்

திருநெல்வேலிச் சீமையில் கள்ளச்சாராயத்தைப் பற்றி வழங்கும் பேச்சை நான்கு கதைகளாகப் பிரிக்கலாம். ஊறல் பானையை மண்ணில் ஆழப் புதைத்து, மேலே முள்ளை இழுத்துப் போட்டு மறைப்பார்கள் என்பது ஒன்று. போதை ஏறுவதற்காக டார்ச் லைட் பேட்டரியையும் பல்லி, ஓணானையும் ஊறலில் போடுவார்கள் என்பது இரண்டாவது. தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக எரிவதே நல்ல சரக்கு என்பது மூன்றாவது. சாராயமும் சுருட்டும் இல்லாமல் சுடலைமாடனுக்குப் படையல் நிறையாது என்பது நான்காவது. இவற்றின் வேரைத் தேடிப் போனால், சில சங்க காலம் வரை பின்னே செல்கின்றன. சில கடந்த நூற்றாண்டின் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றன.

கலயமும் சுண்ணாம்பும்

தாமிரபரணி பாபநாசத்தில் மலையிறங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும். தண்ணீர் எட்டாத தென்கிழக்கில், திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி வட்டாரங்களில், செம்மணல் தேரி. அங்கே பனைதான் பயிர். இந்த நிலத்தின் ஒரு பகுதி 1986இல் பிரிந்து இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் பழைய நெல்லைச் சீமையின் மது வரலாற்றை இந்தப் பனங்காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பனையேறி முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, காலில் திளாப்பை மாட்டிக்கொண்டு ஏறுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி தொங்கும். பாளையைக் கடிப்பால் நெரித்துப் பக்குவப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிசாகச் சீவிவிட்டு, அடியில் கலயத்தைக் கட்டுவார். சொட்டுச் சொட்டாக வடியும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். காற்றிலும் பாளையிலும் பழகிய கலயத்தின் மண் துளைகளிலும் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உடனே பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் சாறு நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதன் காரத்தில் நுண்ணுயிர்கள் அடங்கிப்போகும். சாறு இனிப்பு மாறாமல் பதநீராக இறங்கும். விடிலி எனும் ஓலைக் குடிசையில் அதைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

மரமும் பாளையும் கலயமும் ஒன்றேதான். கள்ளா பதநீரா என்பதை ஒரு கைச் சுண்ணாம்பு தீர்மானிக்கிறது. மதுவிலக்குச் சட்டமும் இதே கோட்டைத்தான் பிடித்துக்கொண்டது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்க வேண்டும் என்பது பதநீர் இறக்குகிறவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. சுண்ணாம்பு இல்லாத கலயம் மரத்தில் தொங்கினால் அதுவே குற்றத்தின் அடையாளம். அதிகாரி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே போதும்.

புதைத்த பானை

மதுவை மண்ணில் புதைக்கும் வழக்கம் சட்டத்துக்குப் பயந்து பிறந்ததன்று. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்றின் 120ஆம் பாடலில், நிலத்தில் புதைத்து முதிரவிட்ட தேறல் விருந்துக்குரிய பொருளாக வருகிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறலை மலைபடுகடாம் சொல்கிறது. மண்ணுக்குள் வெப்பம் ஏறி இறங்காது, வெயிலும் படாது. புளிப்பு நிதானமாக நடக்க அது ஏற்ற இடம். அந்தக் காலத்தில் புதைத்தது ஒளிப்பதற்காக அல்ல, சுவை கூடுவதற்காக.

பானையை மண்ணுக்குள் இறக்கும் பழக்கம் தாமிரபரணிக் கரைக்குப் புதிதும் அல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அவை இறந்தவர்களுக்கான பானைகள். சாராயத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவ்வளவு பெரிய தாழியை வனையவும் சுடவும் தெரிந்த குயவர்கள் இந்த ஆற்றங்கரையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள் என்பதற்கு மட்டும் அவை சான்று.

ஒளிப்பதற்காகப் புதைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது அரசாங்கம். 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள் இறக்கவும் சாராயம் காய்ச்சவும் உரிமம் வேண்டும் என்றது. கள்ளுக்குச் சீவும் மரத்துக்கு வரி வந்தது. மரத்தில் எண் பொறிக்கப்பட்டது. ஊரில் காய்ச்சிய சாராயத்தின் இடத்தை உரிமம் பெற்ற ஆலைகளின் சாராயம் பிடித்தது. உரிமமில்லாத வீட்டுக் காய்ச்சல் வரி ஏய்ப்பானது.

அடுத்தது மதுவிலக்கு. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது தொடங்கியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2 முதல், மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது; 1974இல் மறுபடி கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக்கடை, சாராயக்கடைகளைத் திறந்தது. 1987 தொடக்கத்தில் அவற்றை மூடியது. 1990இல் மலிவு விலை மது வந்தது. 1991இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்தியது. ஆக, இன்றைய பெரியவர் ஒருவரின் ஆயுளுக்குள்ளேயே அதே பானை பலமுறை குற்றமாகவும் பலமுறை தொழிலாகவும் மாறியிருக்கிறது. ஊறல் புதைப்பதைப் பற்றிய கதைகளில் வரும் முள்வேலி, வேவு பார்க்கும் பையன், கம்பியால் மண்ணைக் குத்திப் பார்க்கும் போலீஸ்காரர் எல்லாம் இந்தக் காலத்தின் சரக்கு. சங்கப் பாட்டில் அவர்களுக்கு இடமில்லை.

வாலையும் பட்டையும் நவச்சாரமும்

புளித்ததைக் காய்ச்சி ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துத் துளியாகப் பிடிப்பதுதான் வடித்தல். மதுவிலுள்ள எத்தனால் ஏறக்குறைய 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். தண்ணீர் 100 பாகையில். இந்த இடைவெளியே எல்லாக் காய்ச்சலுக்கும் அடிப்படை. கிராமத்து முறையில் பானை மேல் பானை அடுக்கி, உச்சியில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, நடுவில் துளியை ஏந்தும் ஏனத்தை வைப்பார்கள். இந்த வித்தை சாராயக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் போன்றவற்றை வடிக்கும் கருவியும் இதே அமைப்புதான். அதற்கு வாலை என்று பெயர். 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் தீநீரைப் பாடமாகவே படிக்கிறார்கள். வாலைக்குள் போவது ஓமமா ஊறலா என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தாவதும் குற்றமாவதும்.

ஊறலில் சேர்க்கும் பொருள்களில் பழமையானது வெள்வேல மரத்தின் பட்டை. பட்டைச் சாராயம் என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. இந்த மரத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே சாராயம் காய்ச்சுகிறவர்களின் வேலமரம் என்ற பொருளுடையது. பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் சாற்றிலுள்ள புரதங்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். போதைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு; தெளிவுக்கும் வாசனைக்கும்தான் தொடர்பு.

இன்னொரு பொருள் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுகிறவர்களும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் வைத்திருக்கும் வெள்ளை உப்பு அது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் சர்க்கரை ஏராளம். ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் குறைவு. அந்தக் குறையை நவச்சாரம் தீர்ப்பதால் ஊறல் சீக்கிரம் பொங்கும்.

பேட்டரிக் கதைக்கான திறவுகோல் இங்கே இருக்கிறது. பழைய துத்தநாகக் கூட்டு டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் கரிக்குச்சியும், அதைச் சுற்றிக் கருப்புப் பசையும் இருக்கும். அந்தப் பசையில் மாங்கனீசு டை ஆக்சைடோடு கலந்திருப்பது இதே நவச்சாரம்தான். கடையில் நவச்சாரம் கேட்டால் சந்தேகப்படும் காலத்தில், பேட்டரியை உடைத்துப் போடுவது கேட்பதற்கு அபத்தமாகத் தோன்றினாலும் வேதியியல் கணக்கில் பொருந்தி வருகிறது. கூடவே போகும் உலோகக் கழிவு குடிக்கிறவர் உடம்பில் சேரும். பல்லி, ஓணானுக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. திறந்து கிடக்கும் ஊறலில் அவை விழுந்து சாவது இயல்பு. வடித்தபின் அவற்றால் போதை கூடுவதில்லை. வீட்டுப் பல்லியிடம் விஷமும் இல்லை.

நீலச் சுடர்

உண்மையில் ஆளைக் கொல்லும் பொருள் எந்தக் கதையிலும் இடம்பெறவில்லை. அது மெத்தனால். பனஞ்சாற்றிலோ வெல்லத்திலோ இருந்து எழும் ஊறலில் மெத்தனால் மிகக் குறைவாகவே உண்டாகும். பெருஞ்சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலைத் திருடியோ கள்ளத்தனமாக வாங்கியோ தண்ணீரில் கலந்து சாராயம் என்று விற்பது. அங்கே ஊறலும் இல்லை, பானையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் நடந்தது இதுதான்.

மெத்தனாலை ஈரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். பத்து மில்லி அளவே பார்வையைப் பறித்துவிடக் கூடும். அறிகுறிகள் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்து வருவதால், குடித்தவர் தூங்கி எழுந்த பிறகே கண் மங்குவதை உணர்கிறார்.

தீக்குச்சிச் சோதனை இங்கே கைவிட்டுவிடும். எத்தனால் எரிந்தால் நீலச் சுடர். மெத்தனால் எரிந்தாலும் நீலம்தான். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெளிறியிருக்கும். தண்ணீர் அதிகமாகக் கலந்த சரக்கு எரியாது என்ற அளவில் அந்தச் சோதனை உண்மை. விலைக்கு ஏற்ற சரக்கா என்பதைத்தான் சுடர் சொல்லும். குடித்தால் பிழைக்கலாமா என்பதைச் சொல்லாது. அமெரிக்க மலைக்கிராமங்களிலும் இதே நீலச் சுடர் நம்பிக்கை உண்டு. அங்கே பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் குழாயாகப் பயன்படுத்தியதால், அதன் பற்றவைப்பிலிருந்த ஈயம் கசிந்து குடித்தவர்களுக்கு நஞ்சானது. அதையும் சுடரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மாடன் படையல்

தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரி சுடலைமாடன் கோயில் பேர்பெற்றது. மாடன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும். நள்ளிரவுப் படையலில் ஆட்டுக்கறியோடு சாராயமும் சுருட்டும் இடம்பெறுவது பழைய வழக்கம். இறந்தவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பினாரோ அதையே படைப்பது நாட்டார் வழிபாட்டின் பொது விதி.

அந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் ஒரு சான்று இருக்கிறது. அந்த நூல் பனையேறும் மக்களைச் சித்திரித்த விதத்துக்குப் பின்னாளில் கடும் எதிர்ப்பு எழுந்தது என்றாலும், இந்தச் செய்தி கவனத்துக்குரியது. 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டை வரிசையை ஆங்கிலேயப் படை பிடித்தபோது படுகாயமுற்ற ஓர் ஆங்கில அதிகாரி, போர்க்களத்திலிருந்து ஏறத்தாழ 25 மைல் தள்ளி மணற்காட்டில் புதைக்கப்பட்டார். சுற்றுவட்டார மக்கள் பிறகு அவரையும் பேய்த்தெய்வமாக வணங்கினார்கள். அவருக்குப் பாட்டும் இருந்தது. படைத்தவை மதுவும் சுருட்டும். மதுவிலக்குச் சட்டம் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்தைய செய்தி இது. மாடனுக்குச் சாராயம் வைப்பது சட்டத்தை மீறும் துணிச்சலிலிருந்து பிறந்ததல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

கண்ணாடியின் இடம்

நெல்லைக் கதைகளில் பானை இருக்கும் இடத்தில், அமெரிக்காவில் கள்ளச்சாராயம் என்றதும் நினைவுக்கு வருவது மேசன் ஜாடி. ஜான் லேண்டிஸ் மேசன் 1858 நவம்பர் 30 அன்று அந்தத் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். பழமும் தக்காளியும் பதப்படுத்தி வைக்க வீட்டுக்கு வீடு ஜாடி வாங்கியதால், டஜன் கணக்கில் வாங்குகிறவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு இருந்தபோது அதுவே சாராயத்துக்கும் வசதியான ஏனமாகியது. அடியில் 13 என்று எண் பொறித்த ஜாடிகளைக் காய்ச்சுகிறவர்கள் அபசகுனம் என்று உடைத்துவிட்டார்கள், அதனால் அவை அரிது என்ற கதை சேகரிப்பாளர்களிடம் உண்டு. அந்த எண் எந்த அச்சில் ஜாடி வார்க்கப்பட்டது என்பதைக் குறிக்கும் ஆலைக் குறி, அவ்வளவுதான். ஜாடியில் எழுதியிருக்கும் 1858ஆம் ஆண்டும் தயாரித்த ஆண்டு அல்ல. பல பத்தாண்டுகள் கழித்து வார்த்த ஜாடிகளிலும் அதே தேதி இருக்கிறது.

நெல்லையில் கண்ணாடிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இங்கே காய்கனியைப் பாதுகாத்தவை உப்பும் வெயிலும். நார்த்தங்காயும் மாவடுவும் பீங்கான் ஜாடியில் ஊறின. கண்ணாடிப் புட்டி ஊருக்குள் வந்தது சோடாவோடும் மருந்தோடும்தான். ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற கோலி சோடாப் புட்டி அதில் முதன்மையானது. கள்ளச்சாராயம் கண்ணாடியைத் தவிர்த்தது. அது உடையும், இடித்துக்கொண்டால் ஓசை எழும், வெளியே தெரியும். பானைக்குப் பிறகு லாரி ட்யூப் வந்தது, அதன்பின் பிளாஸ்டிக் பாக்கெட். ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். பாக்கெட்டைக் கண நேரத்தில் வீசி எறியலாம்.

தமிழ்நாட்டில் கண்ணாடிப் புட்டி சட்டப்படியான மதுவின் அடையாளமாகியது. 1983இல் தொடங்கிய அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டதும் 180 மில்லி குவார்ட்டர் புட்டி வயலிலும் ஆற்றங்கரையிலும் குவியத் தொடங்கியது. உடைந்த சில்லு யானைக்கும் மாட்டுக்கும் உழவர் காலுக்கும் ஊறாகிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, 2022இல் நீலகிரியில் காலிப் புட்டிக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள்ளுக்கு 1987இல் விழுந்த தடை இன்னும் நீங்கவில்லை. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் பதநீர் இறக்க மட்டுமே சட்டம் இடம் தருகிறது.